கிணற்றுக்குப் போக ஒரு வழி: பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் முதிய தாயின் வீடு

குடும்பம் பற்றிய பேச்சு எப்போது வந்தாலும் நம்மிடையே ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். "வெள்ளைக்காரனுக்கு என்னங்க, பதினெட்டு வயசானா புள்ள தனி, அப்பா அம்மா தனி. பாசமெல்லாம் நம்மகிட்டதான்." முற்போக்கு மேடைகளில் இதுவே வேறு வடிவம் எடுக்கும்: முதலாளியம் வந்தது, கூட்டுக்குடும்பம் உடைந்தது, தாய் தெருவுக்கு வந்தாள். இரண்டு பேச்சுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை. முன்பு ஒரு காலம் இருந்தது. அப்போது தாய் எங்கே இருப்பாள் என்ற கேள்வியே எழவில்லை. பாசமே கூரையாக இருந்தது.

அந்த 'முன்பு ஒரு காலத்தை' ஏதாவது ஓரிடத்தில் கிட்டே போய்ப் பார்த்தால் என்ன? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் இடம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தின் கிராமப்புறம். காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே சிறு விவசாயிகளும் எதையும் எழுதி வைக்கும் பழக்கமுடையவர்கள். உயில், பத்திரம், பாகப்பிரிவினைக் குறிப்பு, நாட்குறிப்பு, கடிதம் என்று தாயின் வீட்டுக் கவலை காகிதத்தில் தங்கியிருக்கிறது. நம்முடைய வெள்ளைக்காரன் கற்பனைக்கு மாறாக அங்கே பெரும்பாலான முதியவர்கள் பிள்ளைகளோடுதான் இருந்தார்கள். ஆனாலும் கவலை இருந்தது. ஏன் என்பதுதான் கேள்வி.

1

மார்த்தா பல்லார்ட் 1735இல் பிறந்தவர். மருத்துவச்சி. மேய்ன் பகுதியில் கென்னபெக் ஆற்றங்கரையில் ஹாலோவெல் என்ற ஊரில் வாழ்ந்தார். மேய்ன் அன்று மாசசூசெட்ஸின் ஒரு பகுதி. 1820இல்தான் தனி மாநிலமானது. 1785 தொடங்கி 1812இல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் அவர் நாட்குறிப்பு எழுதினார். யாருக்குப் பிரசவம் பார்த்தேன், ஆறு உறைந்திருந்ததா, எவ்வளவு நூல் நூற்றது, யார் வந்து போனார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. வெகுகாலம் வரலாற்றாசிரியர்கள் இதைச் 'சில்லறை விஷயம்' என்று தள்ளி வைத்திருந்தார்கள். லாரல் தாட்சர் உல்ரிக் அந்தச் சில்லறையையே வரலாறாக வாசித்து 1990இல் வெளியிட்ட 'எ மிட்வைஃப்ஸ் டேல்' 1991இல் புலிட்சர் பரிசு பெற்றது.

அந்த வாசிப்பில் நமக்கு வேண்டிய பகுதி 1804ஆம் ஆண்டு. மார்த்தாவுக்கு அப்போது 69 வயதாகிறது. கணவர் எஃப்ரெய்ம் நில அளவையாளர். ஊருக்கு வரி வசூலிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அந்தக் கால ஏற்பாட்டில் வசூலாகாத தொகைக்கு வசூலிப்பவரே ஜவாப்தாரி. தொகை நிற்கவே, முதியவரைக் கடனாளிகள் சிறையில் போட்டார்கள். ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தார். வீட்டில் மார்த்தா தனி. பெண்மக்கள் மணமாகிப் போய்விட்டார்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வீட்டுப் பொருளாதாரமே பெண்மக்களின் உழைப்பில் ஓடியது. அவர்கள் நூற்றதாலும், நெய்ததாலும், துவைத்ததாலும்தான் தாய் இரவு பகல் பாராமல் பிரசவம் பார்க்கப் போக முடிந்தது. மகள்கள் போன பிறகு, வெளியே போய் வந்த உடம்போடு அவரே தண்ணீர் எடுக்க வேண்டும், விறகுக்கு அலைய வேண்டும். மேய்ன் குளிரில் விறகு இல்லாத வீடு வீடே இல்லை.

இந்த நிலையில் மகன் ஜோனதன் தன் மனைவி சாலியோடும் பிள்ளைகளோடும் அந்த வீட்டுக்குள் வந்து குடியேறுகிறான். பெரியவர்கள் 1799 முதல் குடியிருந்ததே மகனின் நிலத்தில்தான். சமையலறையையும் வீட்டின் பெரும்பகுதியையும் விட்டுக்கொடுத்துவிட்டு மார்த்தா ஓர் அறைக்குள் ஒதுங்குகிறார். நாட்குறிப்பின் தொனி மாறுகிறது. ஊரில் எந்த வீட்டுக் கதவும் தனக்குத் திறக்கும் என்று வாழ்ந்த மருத்துவச்சி, தன் வீட்டிலேயே அனுமதி கேட்டு நடப்பவராகிறார்.

இங்கே இன்னொரு நூல் இழையோடுகிறது. 1791இல் சாலி மணமாகாமலே கருவுற்று, பிரசவ வலியில் இருந்தபோது மருத்துவச்சியாகப் பக்கத்தில் நின்றவர் இதே மார்த்தா. அன்றைய மாசசூசெட்ஸ் சட்டப்படி, மணமாகாத பெண் பிரசவ வேளையில் யார் பெயரைத் தகப்பனாகச் சொல்கிறாளோ அது வழக்கில் சாட்சியமாகும். சாலி சொன்ன பெயர் ஜோனதன். மருத்துவச்சியின் சொந்த மகன். மார்த்தா அதை மறைக்காமல் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டு இருவருக்கும் திருமணம் ஆயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சாலிதான் அடுப்பங்கரைக்கு எஜமானி.

இதை 'மாமியார் மருமகள் சண்டை' என்று வாசிப்பது எளிது. பொதுப்புத்தி அப்படித்தான் வாசிக்கும். உண்மையில் இரண்டு பெண்கள் ஒரே அடுப்பின் முன்னால் நிற்கிறார்கள். அடுப்பு இருந்த நிலம் இருவர் பெயரிலும் இல்லை. ஒருத்தி கணவனோடு உள்ளே வந்தாள்; இன்னொருத்தி கணவன் இல்லாததால் உள்ளே ஒடுங்கினாள். வீட்டுக்குள் பெண்ணின் இடம் ஆணோடு கொண்ட உறவின் வழியாகவே அளக்கப்பட்டது என்பதே செய்தி. இன்னும் ஒன்றையும் மறக்கக் கூடாது. அந்த நிலமே அபனாகி பழங்குடிகளிடமிருந்து பிடுங்கிக் கென்னபெக் நில உரிமையாளர் கம்பெனி கூறுபோட்டு விற்ற நிலம். எஃப்ரெய்ம் அளந்ததும் அந்தக் கம்பெனிக்காகத்தான். அவரவர் வீட்டுக் கவலைக்கு அடியில் வேறொருவர் இழந்த வீடு கிடக்கிறது.

2

மார்த்தாவின் கணவர் உயிரோடு திரும்பினார். திரும்பாத கணவர்களின் மனைவிகள் என்ன ஆனார்கள்? இதற்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருந்தது.

ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் 'கவர்ச்சர்' என்றொரு கோட்பாடு. திருமணமானதும் பெண்ணின் சட்டரீதியான இருப்பு கணவனின் இருப்புக்குள் மூடப்பட்டுவிடும். அவள் சம்பாத்தியம் அவனுடையது. தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. இந்த மூடலுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது 'டௌவர்' என்னும் கைம்பெண் பங்கு. கணவன் இறந்தால், மணவாழ்க்கைக் காலத்தில் அவனுக்கிருந்த நிலத்திலும் வீட்டிலும் மூன்றில் ஒரு பங்கை அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாம். நம்முடைய பத்திர பாஷையில் சொன்னால், அனுபவ பாத்தியம் உண்டு; விற்கக் கிரயப் பாத்தியம் கிடையாது. அவள் இறந்ததும் அது பிள்ளைகளுக்கோ வாரிசுகளுக்கோ போய்விடும்.

இது வெறும் வஞ்சனை என்று சொல்லிவிட முடியாது. கணவனின் கடன்காரர்கள் பொதுவாக இந்த மூன்றில் ஒரு பங்கைத் தொட முடியாது. கணவன் நிலத்தை விற்கும்போது மனைவி தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடவில்லையென்றால், வாங்கியவன் தலையில் அந்த வில்லங்கம் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு கையெழுத்தில் அவளுக்குக் கொஞ்சம் பேரம் இருந்தது. ஆனால் அந்த உரிமையின் எல்லை எங்கே என்பதை 1818இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் காட்டிக்கொடுத்தது. திருத்தப்படாத காட்டு நிலத்தில் கைம்பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று அது தீர்ப்பளித்தது. ஆயுள்வரை அனுபவிப்பவள் மரத்தை வெட்டிக் காட்டைத் திருத்தினால் அது வாரிசின் சொத்தைப் பாழாக்கிய குற்றமாகும்; ஆகவே அந்த நிலம் அவளுக்குப் பயன்படாது; பயன்படாததைக் கொடுப்பானேன்? தர்க்கம் சுத்தமாக இருக்கிறது. மண் வாரிசுக்காகக் காத்திருக்கிறது. அவள் நடுவில் தங்கிப் போகிறவள்.

நிலத்தில் மூன்றில் ஒன்றை அளந்துவிடலாம். வீட்டில் எப்படி அளப்பது? அதையும் அளந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் மூன்று பேரைக் கோர்ட் நியமிக்கும். அவர்கள் வீட்டுக்குள் நடந்து பார்த்து எழுதுவார்கள்: கிழக்குப் பக்கத்து முன்னறை, அதற்கு மேலே உள்ள படுக்கையறை, நிலவறையில் பாதி, ரொட்டி சுடும் அடுப்பைப் பயன்படுத்தும் உரிமை, சமையலறை வழியாகப் போய்வரும் உரிமை, கிணற்றுக்கு நடந்துபோக வழி, கொட்டகையில் ஒரு மாடு கட்ட இடம். மீதி மகனுக்கு. இத்தகைய குறிப்புகள் நியூ இங்கிலாந்தின் பழைய ஆவணங்களில் ஏராளம்.

'கிணற்றுக்குப் போக வழி' என்பதை ஏன் எழுத வேண்டியிருந்தது? யோசித்துப் பாருங்கள். முப்பது நாற்பது வருஷம் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவள் அவள். அந்தப் பாதை தேய்ந்ததே அவள் காலடியில். கணவன் கண்ணை மூடிய மறுநாள் அந்தப் பாதை மகனின் நிலத்து வழியாகப் போகும் பாதையாக மாறுகிறது. எழுதாவிட்டால் அவள் அத்துமீறி நடப்பவள். எழுதிய மூன்று பெரியவர்களும் அவள் மகனை அரக்கன் என்று நினைக்கவில்லை. நல்ல மகனுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். நல்ல மகன் நாளைக்குச் செத்துப்போகலாம், நிலத்தை விற்கலாம், கடனில் மூழ்கலாம். பாசத்துக்கு ஆயுள் உத்தரவாதம் கிடையாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கணவன் உயில் எழுதி வைத்த இடங்களில் இன்னொரு நிபந்தனை சேரும்: 'அவள் என் கைம்பெண்ணாக இருக்கும்வரை'. மறுமணம் செய்தால் அறை போய்விடும். அந்த அறையை அவள் உழைப்புக்குக் கிடைத்த பங்காக உயில் கருதவில்லை. செத்தவனுக்கு அவள் காட்டும் விசுவாசத்தின் சம்பளமாகக் கருதியது.

3

அடுத்தது பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே செய்த ஏற்பாடு. வயதான தம்பதியோ தனித்த தாயோ பண்ணையை ஒரு மகன் பெயருக்கு எழுதிக்கொடுப்பார்கள். அதே நாளில் மகன் அவர்களுக்கு ஒரு பராமரிப்பு முறி எழுதித் தருவான். வருஷத்துக்கு இத்தனை புஷல் கோதுமை, இத்தனை சோளம், பன்றி இறைச்சி, ஆப்பிள் ரசம், நெருப்பிடத்தின் அளவுக்கு வெட்டி வாசலில் கொண்டுவந்து போட்ட விறகு, கோயிலுக்குப் போகக் குதிரை, நோய் வந்தால் வைத்தியர், செத்தால் கௌரவமான அடக்கம். பல இடங்களில் இந்த வாக்குறுதிக்குப் பண்ணையையே பெற்றோர் பெயரில் அடமானமாகவும் வைப்பார்கள். மகன் தவறினால் பண்ணை திரும்பி வரும்.

இதைப் படிக்கிற நமக்குக் கூச்சமாக இருக்கும். "பெத்த தாய்க்குச் சோறு போடறதுக்குப் பத்திரமா?" என்று தோன்றும். அந்தக் கூச்சத்தையே கொஞ்சம் விசாரிக்க வேண்டும். பத்திரம் எழுதுவது அசிங்கம், பாசம் இருந்தால் போதும் என்ற சொல்லாடல் யாருக்கு வசதி? சொத்தைக் கைமாற்றி வாங்கிக்கொள்பவனுக்குத்தான். மகனுக்குப் பத்திரம் உண்டு, தாய்க்குப் பாசம் உண்டு என்று பிரித்துக் கொடுத்தால் அது எப்படிப்பட்ட பாகப்பிரிவினை!

மக்கள்தொகை வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ரகில்ஸ் அமெரிக்கக் கணக்கெடுப்பு ஆவணங்களிலிருந்து காட்டியது இங்கே உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 70 சதவிகிதம் பேர் வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முடிவில் அது 15 சதவிகிதத்துக்கும் கீழே. 'பார்த்தீர்களா, அன்று பாசம் இருந்தது' என்று இதைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் ரகில்ஸின் விளக்கம் வேறு. அன்று பெரும்பாலான வீடுகளில் முதியவர் பிள்ளையின் நிழலில் ஒதுங்கவில்லை. பிள்ளைதான் முதியவரின் பண்ணையை எதிர்பார்த்துத் தங்கினான். கூலி வேலையும் வெளியூர் வாய்ப்பும் பெருகப் பெருக, தகப்பனின் நிலத்துக்காகக் காத்திருக்கும் அவசியம் குறைந்தது. பிள்ளைகள் போனார்கள்.

நியூ இங்கிலாந்தில் இது முன்கூட்டியே நடந்தது. 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் மேற்கே வளமான மண்ணுக்கு வழி திறந்தது. லோவல் நகரத்துத் துணி ஆலைகள் 1820கள் முதலே கிராமத்துப் பெண்பிள்ளைகளைக் கூலிக்கு இழுத்தன. வெர்மாண்டின் மக்கள்தொகை 1850இல் மூன்று லட்சத்துப் பதினாலாயிரம். அரை நூற்றாண்டு கழித்து 1900இல் மூன்று லட்சத்து நாற்பத்து மூவாயிரம். பிறந்த பிள்ளைகளெல்லாம் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள் என்பது இதன் பொருள்.

ரகில்ஸின் விளக்கத்தோடு நாம் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. 'முதியவர்' என்ற சொல் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக மூடி மறைக்கிறது. பண்ணையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் காக்க வைத்தவர் தகப்பன். சாகும்வரை பட்டாவை விடாமல் பிடித்திருந்ததில்தான் அவர் அதிகாரம் இருந்தது. தாய்க்குப் பிடித்துக்கொள்ள என்ன இருந்தது? மூன்றில் ஒரு பங்கின் ஆயுள் அனுபவம். அதைக் காட்டி யாரையும் காக்க வைக்க முடியாது. அவள் செத்தால் எப்படியும் வந்து சேரும். ஆகவே, தகப்பன் இருக்கும்வரை மகன் அவர் வீட்டில் இருக்கிறான். தகப்பன் போன மறுநாள் தாய் மகன் வீட்டில் இருக்கிறாள். வீடு நகரவில்லை, ஆட்களும் நகரவில்லை. உறவும் அதே உறவு. வேற்றுமை உருபு மட்டும் மாறிவிட்டது.

4

பத்திரம் இருந்தவள் கதை இது. பத்திரம் இல்லாதவள்?

நிலமற்ற குடும்பத்துத் தாய்க்கு ஊர்தான் பொறுப்பு. 1601ஆம் ஆண்டின் ஆங்கில ஏழையர் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு அது. பிள்ளைகளுக்கு வசதியிருந்தால் அவர்கள் பராமரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர். ஊர் எப்படிப் பராமரித்தது? நியூ இங்கிலாந்தின் பல ஊர்களில் வருடாந்திர ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டார்கள். இந்தக் கிழவியை ஒரு வருஷம் வைத்துச் சோறு போட யார் மிகக் குறைந்த தொகை கேட்கிறார்களோ அவர்கள் வீட்டுக்கு அவளை அனுப்புவார்கள். சாதாரண ஏலத்தில் தொகை ஏறும், இதில் இறங்கும். அடுத்த வருஷம் இன்னொருத்தர் குறைவாகக் கேட்டால் மூட்டையைக் கட்ட வேண்டும். 1820களிலிருந்து இதற்குப் பதிலாக 'ஏழைப் பண்ணை'கள் பெருகின. நிரந்தரமாக ஒரு கூரை கிடைத்தது. ஆனால் அங்கே போவதை மரணத்தைவிடக் கேவலமாகக் கருதினார்கள். நியூ இங்கிலாந்தைத் தாண்டி மேற்கேயும் இதே கதைதான். மிச்சிகனைச் சேர்ந்த வில் கார்லட்டன் 1871இல் வெளியிட்ட ஒரு பாட்டு, பிள்ளை வீடு பிள்ளை வீடாகத் தள்ளப்பட்டுக் கடைசியில் ஏழை விடுதிக்கு மலையேறும் தாயைப் பற்றியது. அந்தப் பாட்டு நாடு முழுக்கப் பரவியது. கேட்டவர்கள் அழுதார்கள். அழுததால் சொத்துச் சட்டம் மாறவில்லை.

இவர்களுக்கும் கீழே ஒரு படி இருந்தது. இதைச் சொல்லாமல் அமெரிக்கக் கிராமத்துத் தாய் பற்றிப் பேசுவது வெள்ளையர் கதையாடலை அப்படியே ஒப்புவிப்பதாகும். அதற்கு நியூ இங்கிலாந்தை விட்டுத் தெற்கே, அடிமை முறை நிலவிய மேரிலாந்துக்குப் போக வேண்டும். ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன் வரலாற்றில் தன் பாட்டி பெட்ஸி பெய்லியைப் பற்றி எழுதினார். எஜமான் குடும்பத்தில் தலைமுறைகளைத் தாலாட்டி வளர்த்தவளை, வயதானதும் காட்டுக்குள் ஒரு குடிசையில் தனியே விட்டுவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பிறகு, தன் பழைய எஜமானரான தாமஸ் ஆல்ட் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொண்டார் என்று தெரிந்ததும், 1849இல் அவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் டக்ளஸ் அதை ஒப்புக்கொண்டார். இந்தத் திருத்தம் டக்ளஸின் நேர்மையைக் காட்டுகிறது. கூடவே அமைப்பையும் காட்டுகிறது. விட்டாலும் எஜமான் மனசு, அழைத்தாலும் எஜமான் மனசு. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் யாரும் 'வா ஆத்தா, என் வீட்டில் இரு' என்று சொல்ல முடியாது, ஏனெனில் அவர்களே அடுத்தவன் சொத்து. வெள்ளைக்காரத் தாயின் உறவைக் குறைந்தபட்சம் பத்திரத்தில் எழுத முடிந்தது. அடிமைத் தாயின் உறவைச் சட்டம் உறவாகவே ஏற்கவில்லை.

5

உறவைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டிய இன்னொரு தருணம் உள்நாட்டுப் போரில் வந்தது. 1862 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. போரில் இறந்த சிப்பாய்க்கு மனைவியோ சிறு பிள்ளைகளோ இல்லையென்றால், அவனைச் சார்ந்திருந்த தாய் ஓய்வூதியம் கேட்கலாம். சாதாரணச் சிப்பாயின் தாய்க்கு மாதம் 8 டாலர்.

'சார்ந்திருந்த' என்ற சொல்லில்தான் சிக்கல். மகன் செத்தது போதாது. அவன் உயிரோடிருந்தபோது தாயைப் பராமரித்தான் என்று காட்ட வேண்டும். வாடகை கட்டினானா, மளிகைக்கடையில் கணக்குத் தீர்த்தானா, முகாமிலிருந்து பணம் அனுப்பினானா? அக்கம்பக்கத்தார் பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள். தாய்மார்கள் மகன் எழுதிய கடிதங்களைச் சாட்சியமாக அனுப்பினார்கள். 'அம்மா, சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன், வீட்டு வாடகையை நினைத்துக் கவலைப்படாதே' என்கிற மாதிரியான கடிதங்கள். அந்தக் கடிதங்கள் பல இன்றும் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்து ஓய்வூதியக் கோப்புகளில் கிடக்கின்றன. வரலாற்றாசிரியர்களுக்கு அவை பொக்கிஷம். தாயின் பக்கம் நின்று பார்த்தால்? செத்த மகன் கையெழுத்தில் மிஞ்சியிருந்த ஒன்றைக் கூரைக்காக அரசிடம் கொடுத்துவிட்டாள். அது திரும்பி வரவில்லை.

ஆனாலும் இதில் ஒரு திருப்பம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். முதன்முறையாக ஏராளமான கிராமத்துத் தாய்மார்கள் கையில் மாதந்தோறும் தங்கள் பெயருக்கே வரும் பணம் சேர்ந்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனையைத் தளர்த்தியது. மகன் உயிரோடிருந்தபோது சார்ந்திருந்ததை நிரூபிக்க வேண்டியதில்லை, இப்போது தன் உடலுழைப்பைத் தவிர வேறு ஆதாரமில்லை என்று காட்டினால் போதும். மகளோ மருமகளோ வீட்டில் இருந்தாலும், எட்டு டாலரோடு இருக்கும் கிழவி வேறு, எட்டு டாலர் இல்லாமல் இருக்கும் கிழவி வேறு.

6

இலக்கியம் இதை எப்படிப் பார்த்தது? மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் 1890இல் 'அம்மாவின் கலகம்' என்ற சிறுகதையை எழுதினார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் புது வீடு கட்டித் தருவதாகச் சொன்ன கணவன், அதே இடத்தில் இன்னொரு மாட்டுக் கொட்டகை கட்டுகிறான். மனைவி சாரா பென் கெஞ்சிப் பார்க்கிறாள், பதில் இல்லை. அவன் குதிரை வாங்க வெளியூர் போன சமயம் பார்த்து, பாத்திர பண்டங்களோடு வீட்டையே புதுக் கொட்டகைக்குள் மாற்றிவிடுகிறாள். ஊர் திகைக்கிறது, பாதிரியார் புத்தி சொல்ல வருகிறார். திரும்பி வந்த கணவன் உடைந்துபோய் இணங்குகிறான். ஃப்ரீமனின் வேறு கதைகளிலும் வீட்டுக்காக மல்லுக்கு நிற்கும் கிழவிகள் வருகிறார்கள். ஒருத்தி வேறு போக்கிடமின்றி ஊர்க் கோயிலுக்குள்ளேயே குடியேறுகிறாள். இன்னொரு கதையில் இரு சகோதரிகள் முதியோர் இல்லத்தின் சுத்தமான படுக்கையை விட்டு ஓடி, ஒழுகும் தங்கள் பழைய வீட்டுக்கே வருகிறார்கள்.

ஃப்ரீமன் இதை எங்கிருந்து எடுத்தார்? அவர் தகப்பனார் தச்சு வேலை, கட்டட வேலை தெரிந்தவர். பிறகு கடை வைத்து நொடித்தார். 1877இல் குடும்பம் வெர்மாண்டின் பிராட்டில்பரோவில் ஒரு பாதிரியாரின் வீட்டுக்குக் குடிபோனது. தாய் எலனர் அங்கே வீட்டு வேலை பார்க்கும் பொறுப்பாளர். சொந்த வீடில்லாமல் அந்த வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே 1880இல் எலனர் இறந்தார்.

அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. 1917இல், புகழ் பெற்ற எழுத்தாளராக, ஃப்ரீமன் பத்திரிகையில் எழுதி அந்தக் கதையைக் கைவிட்டார். அப்படியொரு பெண் நியூ இங்கிலாந்தில் இருந்ததே இல்லை, இருந்திருந்தால் அவளுக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது, நான் பொய் எழுதினேன் என்பது அவர் சொன்னதன் சாரம். விமர்சகர்கள் இதை எழுத்தாளரின் பின்வாங்கலாகப் பார்ப்பதுண்டு. எனக்கு வேறு மாதிரி படுகிறது. கதைக்குள் சாரா வென்றது எதனால்? கணவன் மனமிளகியதால். அவன் இளகாமல் "வெளியே போ" என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சட்டத்தில் என்ன இருந்தது? அவன் உயிரோடு இருக்கும்வரை அந்த மூன்றில் ஒரு பங்கும் கிடையாது. கலகம் செய்தவளின் வெற்றியும் அவன் கண்ணீரில் தொங்குகிறது. ஃப்ரீமன் பொய் என்று சொன்னது கலகத்தை. பொய்யாக இருந்தது முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

7

சரி, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது என்ன?

குடும்பப் பாசம் இருந்ததா இல்லையா என்று கேட்பதால் எந்தப் பயனும் இல்லை. மார்த்தாவின் வீட்டில் பாசம் இருந்தது. பாதிரியார் வீட்டு அடுப்படியில் இருந்த எலனருக்கும் பாசமான மகள் இருந்தாள். பெட்ஸி பெய்லிக்கும் பேரன் இருந்தான். கேட்க வேண்டிய கேள்விகள் சின்னவை, அசிங்கமானவை என்று ஒதுக்கப்பட்டவை. வீடு யார் பெயரில்? விறகு யார் வெட்டுவது? கதவை உள்ளிருந்து பூட்டும் உரிமை யாருக்கு? அந்தப் பண்ணை வீடுகளை அளந்து எழுதிய மூன்று ஊர்ப் பெரியவர்களும் தந்தைவழிச் சமூகத்தின் ஆட்கள்தான். தாய்க்கு வீட்டைக் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. ஆனால் இந்தச் சின்னக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே கேள்வி இன்று இங்கேயும் சட்டமாக நிற்கிறது. இந்தியாவில் 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனை வைத்து எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் ரத்து செய்யலாம் என்கிறது. நிபந்தனை இருந்ததற்கு ஆதாரம் என்ன என்பதில்தான் வழக்குகள் முட்டி நிற்கின்றன. ஏனென்றால் தானசெட்டில்மெண்ட் பத்திரங்களில் 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று எழுதுகிறோம். அறையையும் அடுப்பையும் எழுதுவதில்லை. எழுதினால் மகன் மனசு நோகும் என்கிறோம்.

இதைப் படிக்கிற தோழர்களில் பலர் இப்படிப்பட்ட பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிடப்படுகிறவர்கள். எழுத்தாளர்கள் தாயைப் பற்றிக் கண்ணீரோடு எழுதுகிறவர்கள். இரண்டு பேரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றே. கையெழுத்துக்கு முன்னாலும் கண்ணீருக்கு முன்னாலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்: "அம்மாவுக்கு எந்த ரூம்? கிணத்துக்குப் போக வழி எழுதியிருக்கா?"